மூன்று பக்கமும் நதி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலப்படம் ஒன்றை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்காக, நாட்டையே இரண்டாகப் பிளப்பதுபோல் ஓடுகிறதே, அதுதான் மிசிசிப்பி நதி. அதன் கரையில் செயிண்ட் லூயி என்ற பெருநகரம் இருக்கும். அந்த நகரத்தின்மேல் விரலை வைத்து, நதியோடு மேல்நோக்கி நகருங்கள். முதலில் மேற்கேயிருந்து மிசூரி நதி வந்து கலக்கும். அதைத் தாண்டுங்கள். அடுத்ததாக வடக்கேயிருந்து இன்னொரு நதி வந்து சேரும். அது இல்லினாய் நதி. இரண்டும் கூடும் இடத்தில் கிராஃப்டன் என்ற சிற்றூர் இருக்கிறது.

கூடுவதற்கு முன்னால் இந்த இரு நதிகளும் சுமார் 60 கிலோமீட்டர் தூரம் அருகருகே ஓடி வருகின்றன. அவற்றுக்கு நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் நிலம்தான் கால்ஹூன் கவுண்டி. மேற்கே மிசிசிப்பி, கிழக்கே இல்லினாய். தெற்கு முனையில் மிசிசிப்பியே கிழக்கு நோக்கி வளைந்து வந்து அணைத்துக்கொள்கிறது. ஆக மூன்று பக்கமும் நதி. வடக்கே மட்டும்தான் நிலத்தொடர்பு.

கவுண்டி என்பது என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தையும் நிர்வாகத்துக்காகப் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தைப் போன்றது; ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இல்லினாய் மாநிலத்தில் மட்டும் 102 கவுண்டிகள் உள்ளன. கால்ஹூனின் நிலப்பரப்பு சுமார் 660 சதுர கிலோமீட்டர். அதாவது சென்னை மாநகராட்சியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அங்கே வாழ்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 4,437 பேர்! நம்மூரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் மாணவர்களையும் பெற்றோர்களையும் கூட்டினாலே இந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம்.

இதில் விந்தை ஒன்று உண்டு. கவுண்டியின் தென்பகுதியிலுள்ள பிரஸ்ஸல்ஸ் என்ற ஊரிலிருந்து செயிண்ட் லூயி நகரம் நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பெருநகரத்துக்கு இவ்வளவு அருகில், நல்ல மண்ணும் நீரும் உள்ள இடம் வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்ததோ வேறு. 1900ஆம் ஆண்டில் இங்கே ஏறத்தாழ 8,900 பேர் இருந்தார்கள். இன்று அதில் பாதிதான். அமெரிக்கா முழுவதும் ரயில் பாதைகள் வலைபோல் படர்ந்த காலத்திலும் இந்தக் கவுண்டிக்குள் ரயில் நுழையவில்லை. ஏன்?

விடை தேட நாம் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டும்.

தொளதொளச் சட்டை போட்ட நதி

அது பனி ஊழிக் காலம். வட அமெரிக்காவின் வடபகுதியில் பெரும்பாலான இடங்களைக் கிலோமீட்டர் கணக்கில் கனமுள்ள பனிப்படலம் மூடியிருந்தது. அப்போது மிசிசிப்பி இன்றைய வழியில் ஓடவில்லை. அது இல்லினாய் மாநிலத்தின் நடுவே புகுந்து, இன்றைக்கு இல்லினாய் நதி ஓடும் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

மிச்சிகன் ஏரிப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்த பனிப்படலம் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. வழி மறிக்கப்பட்ட நதி மேற்கே தள்ளப்பட்டு, அங்கே இருந்த வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கி ஓடத் தொடங்கியது. அதுவே இன்றைய மிசிசிப்பியின் பாதை. பனி உருகி விலகிய பிறகும் நதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. காலியான பழைய பள்ளத்தாக்கில் ஒரு சிறிய நதி குடிபுகுந்தது. அதுதான் இல்லினாய்.

அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? இல்லினாய் நதியைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பள்ளத்தாக்கின் அகலம் பல இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல். நதியின் அகலமோ சில நூறு மீட்டர். ஆக, கால்ஹூன் கவுண்டி ஒரே மாநதியின் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் நடுவே நிற்கும் சுவர் என்று சொல்லலாம்.

சுவர் என்பது வெறும் உவமை அல்ல. பனிப்படலங்கள் பக்கத்தில் வந்தபோதும் இந்தக் கவுண்டியின் பெரும்பகுதியை அவை மூடவில்லை. பனி ஏறிய இடங்களில் மேடுகள் தேய்ந்து, பள்ளங்கள் நிரம்பி, நிலம் மேசைபோல் சமமாகிவிட்டது. இல்லினாய் மாநிலத்தின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. கால்ஹூனில் மட்டும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் ஆழமான ஓடைப் பள்ளங்களும் தப்பிப் பிழைத்தன. நடுவே முதுகெலும்புபோல் ஒரு நீண்ட மலைத்தொடர். இரு பக்கமும் செங்குத்தான சரிவு. சரிவின் அடியில் நதிச் சமவெளி.

இப்போது ரயில் ஏன் வரவில்லை என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். ரயிலுக்குச் சமமான நிலம் வேண்டும். இங்கே மலை ஏறி இறங்க வேண்டும்; அதோடு இரண்டு பெரிய நதிகளுக்குப் பாலமும் கட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்துக்காக எந்த ரயில் கம்பெனி அவ்வளவு செலவு செய்யும்?

காற்று கொண்டுவந்த மண்

பனி உருகிய காலத்தில் நதிகளில் வண்டல் கலந்த வெள்ளம் பெருகி ஓடியது. குளிர்காலத்தில் வெள்ளம் வற்றும்போது சமவெளியில் மாவுபோன்ற நுண்மண் காய்ந்து கிடக்கும். காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்க் குன்றுகளின்மேல் கொட்டியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தது. இப்படிக் காற்றால் படிந்த மண்ணை லோயஸ் என்று அழைக்கிறார்கள். நதியை ஒட்டிய குன்றுகளில் இதன் கனம் மிக அதிகம். செங்குத்தாக வெட்டினாலும் சட்டென்று சரியாமல் சுவர்போல் நிற்பது இதன் தனிக் குணம். வேர் ஆழமாக இறங்கும், நீர் தேங்காது.

பழமரங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வேண்டும், இன்னொன்றும் வேண்டும். பீச் மரம் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும். அந்தச் சமயம் ஓர் இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 4 டிகிரி செல்சியசுக்கு இறங்கி அரை மணி நேரம் நின்றாலும் பூக்களில் பெரும்பகுதி கருகிவிடும். அந்த ஆண்டு விளைச்சல் போயிற்று. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வந்த கடுங்குளிர் தெற்கு இல்லினாயின் பீச் தோட்டங்களை அப்படித்தான் பாழாக்கியது.

குளிர்ந்த காற்று கனமானது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். தெளிவான இரவில் குன்றின்மேல் குளிரும் காற்று, நீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால் பள்ளத்தில் உறைபனி விழும் அதே இரவில் மேட்டிலுள்ள மரங்கள் தப்பிவிடுவதுண்டு. கால்ஹூன் விவசாயிகள் மக்காச்சோளத்தையும் சோயாவையும் சமவெளியில் பயிரிட்டு, ஆப்பிளையும் பீச்சையும் மேட்டில் வைத்ததற்கு இதுவே காரணம். வெப்பமானி இருந்தால் நீங்களும் ஒரு மார்கழி விடியலில் உங்கள் ஊர் மேட்டிலும் பள்ளத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

நதியே நெடுஞ்சாலை

நதிகள் நடுவே மனிதர்கள் வாழத் தொடங்கியது நேற்று அல்ல. இல்லினாய் நதிக்கு எதிர்க்கரையில், பக்கத்துக் கவுண்டியிலுள்ள கோஸ்டர் என்ற பண்ணையில் 1969 முதல் 1978 வரை தொல்லியல் அறிஞர்கள் அகழாய்வு செய்தார்கள். அவர்களின் முகாம் கால்ஹூனிலுள்ள காம்ப்ஸ்வில் என்ற ஊரில் இருந்தது. சுமார் 10 மீட்டர் ஆழம் வரை தோண்டினார்கள். ஒரு குடியிருப்பின்மேல் இன்னொரு குடியிருப்பாக, பல ஆயிரம் ஆண்டு வாழ்க்கை அடுக்கடுக்காக இருந்தது. குன்றிலிருந்து மழையில் கரைந்து வந்த லோயஸ் மண் ஒவ்வோர் அடுக்கையும் போர்த்தி மூடிக் காப்பாற்றி வைத்திருந்தது. அங்கே மனிதர்கள் கவனமாகப் புதைத்த நாய்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 10,000 ஆண்டுகள் என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய நாய்களில் அவையும் சேரும்.

1673ஆம் ஆண்டில் மார்க்கெட் என்ற பாதிரியாரும் ஜோலியே என்பவரும் பிரெஞ்சுக்காரர்களின் சார்பில் மரப்பட்டைத் தோணிகளில் இந்த வழியே வந்தார்கள். போகும்போது மிசிசிப்பியில் இறங்கிப் போனார்கள்; திரும்பும்போது இல்லினாய் நதியில் ஏறிச் சென்றார்கள். அதாவது, கால்ஹூன் நிலத்தின் மேற்குக் கரையைப் பார்த்துக்கொண்டே போய், கிழக்குக் கரையைப் பார்த்துக்கொண்டே திரும்பினார்கள்!

கவுண்டியாக இது அமைக்கப்பட்டது 1825இல். அந்த ஆண்டு அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜான் கால்ஹூன் என்பவரின் பெயரை வைத்தார்கள். அவர் பிற்பாடு அடிமை முறையை ஆதரித்து வாதாடியவர்களில் முதன்மையானவராக விளங்கினார். அடிமை முறைக்கு எதிராக நின்ற மாநிலத்தில் அவர் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது வரலாற்றின் வேடிக்கைதான். 1847இல் இல்லினாய் நதிக்கரையிலுள்ள ஹார்டின் தலைமை ஊராயிற்று. ஜெர்மானியர்கள் பலர் குடியேறினார்கள். மெப்பன் போன்ற ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி.

ரயில் இல்லையே என்று அக்காலத்தில் எவரும் வருந்தியிருக்க மாட்டார்கள். நீராவிப் படகுகள் துறைதோறும் நின்று ஆப்பிள் பீப்பாய்களையும் தானிய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு செயிண்ட் லூயிக்குப் போயின. நதியிலும் செல்வம் இருந்தது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் பிடிக்கப்பட்ட நன்னீர் மீனில் சுமார் பத்தில் ஒரு பங்கு இல்லினாய் நதியிலிருந்து மட்டுமே கிடைத்தது. நதியின் அடியில் கிடந்த மட்டிகளை வாரி எடுத்து, அவற்றின் ஓட்டைத் துளைத்துச் சட்டைப் பொத்தான் செய்தார்கள். பிளாஸ்டிக் வரும்வரை அந்த முத்துப் பொத்தான்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது.

107 பீப்பாய் பாக்டீரியா

இந்தக் காலத்தில்தான் தொலைவிலிருந்து ஒரு தொல்லை வந்தது. சிகாகோ நகரத்தின் சாக்கடை மிச்சிகன் ஏரியில் கலந்துகொண்டிருந்தது. குடிநீரும் அதே ஏரியிலிருந்து. நோய் பரவாமல் இருக்குமா? எனவே 1900 ஜனவரியில் ஒரு பெரிய கால்வாயைத் திறந்து, சிகாகோ நதியின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குப் போன கழிவு, அதன்பின் இல்லினாய் நதியில் இறங்கி, கால்ஹூனின் கிழக்குக் கரை நெடுக ஓடி, மிசிசிப்பியில் கலக்கத் தொடங்கியது. கீழே இருந்த செயிண்ட் லூயிக்காரர்கள் கொதித்தார்கள். மிசூரி மாநிலம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

சிகாகோவிலிருந்து 550 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து டைஃபாய்டுக் கிருமி உயிரோடு வந்து சேருமா? இதுதான் கேள்வி. இதைக் கண்டறிய ஒரு சோதனை செய்தார்கள். சிவப்பு நிறக் கூட்டமாக வளரும், ஆகவே எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு பாக்டீரியாவை 107 பீப்பாய்களில் வளர்த்துக் கால்வாயில் ஊற்றினார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் கீழே அகப்பட்டன. அந்தக் காலத்தில் அதைத் தீங்கற்றது என்று நம்பினார்கள். இன்று செராஷியா மார்செசன்ஸ் என்று அழைக்கப்படும் அதே பாக்டீரியா, உடல் நலிந்தவர்களுக்கு நோய் தரும் என்பதை நாம் அறிவோம். இன்று எவரும் இப்படி ஆற்றில் ஊற்ற அனுமதி கிடைக்காது!

1906இல் தீர்ப்பு வந்தது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்று மிசூரியின் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் நதி மாறிக்கொண்டுதான் இருந்தது. கழிவு பெருகியது. இன்னொரு பக்கம், சமவெளியின் நீர்த்தேக்கங்களையும் சதுப்புகளையும் வெள்ளத் தடுப்புக் கரை கட்டி வளைத்து, நீரை இறைத்து வெளியேற்றி வயலாக்கினார்கள். மீன் குஞ்சு பொரித்து வளர்ந்த இடங்கள் அவைதான். மீனவர்களின் பிழைப்பு மெல்ல மெல்ல மங்கியது.

பாலம் வந்தது

1931இல் ஹார்டினில் இல்லினாய் நதிக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். ஜோ பேஜ் பாலம் என்று பெயர். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, சுமார் 94 மீட்டர் நீளம், கிடைமட்டமாகவே மேலே எழும். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதியும் இதே முறையில் எழுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் நீளம் 72.5 மீட்டர்.

பாலம் வந்ததும் லாரிகள் வந்தன. நீராவிப் படகுகள் மறைந்தன. ஒரு காலத்தில் வாசல்தோறும் வந்து நின்ற நெடுஞ்சாலை, இப்போது வேலியாகிவிட்டது. மிசிசிப்பிப் பக்கம் இன்றுவரை இந்தக் கவுண்டிக்குப் பாலமே இல்லை. இல்லினாய் நதியில் காம்ப்ஸ்வில்லிலும் பிரஸ்ஸல்ஸ் அருகிலும் கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகுகளை மாநில அரசு கட்டணமின்றி இயக்குகிறது. மிசிசிப்பியின் குறுக்கே கட்டணப் படகு.

1930களின் இறுதியில் மிசிசிப்பியில் அணைகளும் கப்பல் ஏற்றி இறக்கும் மதகுகளும் கட்டப்பட்டன. அவை வெள்ளத்தைத் தடுக்க அல்ல. கப்பலுக்கு எப்போதும் சுமார் 2.7 மீட்டர் ஆழம் இருக்கும்படி நீரைத் தேக்கவே. பதினைந்து மிதவைகளை ஒன்றாகப் பிணைத்து, இருபதாயிரம் டன்னுக்கும் மேல் தானியத்தை ஒரே இழுவைக் கப்பல் தள்ளிக்கொண்டு போகிறது. கால்ஹூன் மக்கள் கரையில் நின்று பார்க்கிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் சரக்கு அவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, பெரும்பாலும் நிற்பதில்லை.

கீழேயிருந்து வரும் வெள்ளம்

இனி நம் தொளதொளச் சட்டைக்கு வருவோம். இல்லினாய் நதியின் கீழ்ப்பகுதியின் சரிவு எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர்தான். நூறு மீட்டர் ஓட்டப் பாதையின் ஒரு முனையில் ஒரு நாணயத்தைப் படுக்க வைத்தால் என்ன உயரமோ, அவ்வளவே சரிவு. இதில் நீர் ஓடுகிறது என்பதே வியப்பு.

இப்படிப்பட்ட நதியின் வாயில் மிசிசிப்பி உயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இல்லினாய் நதிக்கு வெளியேற வழியில்லை. நீர் பின்னோக்கித் தேங்கும். மேலே ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் ஹார்டினில் வெள்ளம் வரலாம்.

1993இல் அதுதான் நடந்தது. கிராஃப்டனில் நதி 18 அடியைத் தாண்டினால் வெள்ளம் என்று கணக்கு. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று அது 38 அடியைத் தொட்டது. அதற்கு முன்பே ஜூலையில், ஹார்டினுக்கு எதிர்க்கரையில் இருந்த நட்வுட் வெள்ளத் தடுப்புக் கரை உடைந்தது. 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வயல் ஏரியாயிற்று. பாலம் என்னவோ உறுதியாக நின்றது! பாலத்துக்குப் போகும் சாலைதான் நீருக்குள் இருந்தது. அந்தச் சாலை அதே தாழ்ந்த வயல்களின் நடுவே போகிறது. 2019 ஜூனில் மறுபடியும் அந்தக் கரையின்மேல் நீர் வழிந்தது. மறுபடியும் பாலத்துக்கு வழி அடைபட்டது. படகுகளும் நின்றுபோனால் மிச்சம் இருப்பது வடக்கு வழி ஒன்றுதான். பக்கத்துக் கரைக்குப் போகவேண்டியவர்கள் வடக்கே பைக் கவுண்டி வரை போய்ச் சுற்றித்தான் வரவேண்டும்.

கரையை இன்னும் உயர்த்தலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சமவெளி என்பது வெள்ளம் பரவி இளைப்பாறும் இடம். கரையை உயர்த்தி ஓரிடத்தை அடைத்தால், அங்கே பரவவேண்டிய நீர் எதிர்க்கரையிலோ மேலேயோ உயர்ந்து நிற்கும். உயர்த்தாவிட்டால் வயலும் சாலையும் போகும். வயலை நதிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பாரும் உண்டு. அப்படி நதிக்கு விடப்பட்ட சதுப்புகளில் மீனும் பறவையும் பெருகுவதும் உண்மை. ஆனால் சாலையைச் சார்ந்து வாழும் நாலாயிரம் பேருக்கு என்ன பதில்? பொறியியலாளர்களும் விவசாயிகளும் உயிரியல் அறிஞர்களும் இதில் ஒரே கருத்துக்கு வந்துவிடவில்லை.

நதியில் புதிய விருந்தாளி ஒன்றும் வந்திருக்கிறது. நம் ஊர்க் குளங்களில் கட்லா, ரோகு மீன்களோடு வளர்க்கிறார்களே, அந்த வெள்ளிக் கெண்டைதான். 1970களில் ஆசியாவிலிருந்து மீன் பண்ணைகளுக்காகக் கொண்டுபோனார்கள். தப்பி ஆற்றில் சேர்ந்து, இல்லினாய் நதியில் கணக்கின்றிப் பெருகிவிட்டது. மோட்டார் படகின் சத்தம் கேட்டால் கூட்டமாக எகிறிக் குதிக்கும். படகில் இருப்பவரின் முகத்தில் அடித்துக் காயம் ஏற்பட்டதும் உண்டு. நமக்குக் குழம்பு மீன், அங்கே தலைவலி.

மாணவ நண்பர்களே, இந்த நதிகளை நீங்கள் வீட்டிலிருந்தே கண்காணிக்கலாம். கிராஃப்டன், ஹார்டின், இன்னும் மேலே உள்ள பியோரியா ஆகிய ஊர்களின் நதிமட்டத்தை அமெரிக்க வானிலைத் துறை இணையத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. மார்ச் முதல் ஜூலை வரை மூன்றையும் அடிக் கணக்கில் குறித்து, ஒரே வரைதாளில் மூன்று கோடுகளாக வரையுங்கள். பியோரியாவின் கோடு சும்மா இருக்கும்போது ஹார்டினின் கோடும் கிராஃப்டனின் கோடும் சேர்ந்து எழுந்தால், அந்த நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.